விமான நிலையத்துக்கு நடுவே காய்கறித் தோட்டம்... நரிட்டாவிலிருந்து டோக்கியோவுக்கு 60 கிலோமீட்டர்!

டோக்கியோவுக்கு டிக்கெட் எடுக்கும் பலரும் டோக்கியோவில் இறங்குவதில்லை. பக்கத்து மாகாணமான சிபாவில், நரிட்டா என்ற ஊரில் இறங்குகிறார்கள். அங்கிருந்து நகரின் மையத்துக்குச் சுமார் 60 கிலோமீட்டர். சென்னைக்கு என்று ஏறியவரை காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, 'இனி நீங்களே போய்க்கொள்ளுங்கள்' என்று சொல்வதுபோலத்தான்.

முதல் முறை போகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால், விவரம் தெரிந்து அந்த வழியைக் கடக்கிற விவசாயிக்கு, ஜப்பானின் எந்தச் சுற்றுலாத் தலத்திலும் கிடைக்காத கதை ஒன்று அங்கே கிடைக்கும். கடலைக்காடும் சர்க்கரைவள்ளிக் காடுமாக இருந்த மண்ணில் விமான நிலையம் வந்த கதை அது. இன்றைக்கும் அந்த விமான நிலையத்தின் ஓடுபாதைக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் வேலி சூழ, காய்கறி விளைந்துகொண்டிருக்கிறது.

இறங்கியதும் என்ன செய்ய வேண்டும்?

சென்னையிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் 2019 அக்டோபரில் தொடங்கியது. சில மாதங்களிலேயே கொரோனா வந்து அதை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், கொழும்பு என எங்காவது மாறித்தான் போக வேண்டியிருக்கிறது.

விவசாயிகள் பெட்டி கட்டும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதை, நாற்று, பழம், காய்கறி எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. 'நம்ம ஊர் கத்திரி விதை, ஒரு கைப்பிடிதானே' என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் அங்கே செல்லாது. இறைச்சி கலந்த பொருள்களுக்கும் இதே கெடுபிடிதான். மாட்டுக் கொட்டகை, கோழிப்பண்ணை பக்கம் அண்மையில் போய்வந்தவர்களும், சேறு ஒட்டிய காலணி வைத்திருப்பவர்களும் கால்நடைத் தொற்றுத் தடுப்பு மேசைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அங்கே காலணியைக் கிருமிநீக்கம் செய்து அனுப்புவார்கள். நோய்க்கிருமி நாட்டுக்குள் வராமல் பார்ப்பதில் அவர்கள் காட்டும் அக்கறையைக் குறை சொல்ல முடியாது.

சுங்கம் தாண்டி வெளியே வந்தால், நகருக்குப் போக வழிகள் ஏராளம். ரயில் நிலையம் விமான முனையத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. முதல் முனையத்துக்கு ஒன்று, இரண்டாம் மூன்றாம் முனையங்களுக்குச் சேர்த்து ஒன்று. அவசரக்காரர்களுக்கு கெய்செய் நிறுவனத்தின் 'ஸ்கைலைனர்'. மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போகும். இரண்டாம் முனையத்திலிருந்து டோக்கியோவின் நிப்போரி நிலையத்துக்கு மிக விரைவான வண்டி 36 நிமிடங்களில் சேரும். கட்டணம் 2,500 யென்னுக்குக் கொஞ்சம் மேலே. ஜே.ஆர். ரயில்வேயின் 'நரிட்டா எக்ஸ்பிரஸ்' சுமார் ஒரு மணி நேரத்தில் நேராக டோக்கியோ மத்திய நிலையத்துக்கே கொண்டுபோய்விடும். 3,000 யென்னைத் தாண்டும். ஒரு யென் என்பது நம் அரை ரூபாயைவிடச் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரியும்.

இவ்வளவு கொடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு, அதே கெய்செய் நிறுவனத்தின் சாதாரண விரைவு ரயில் சுமார் 1,000 யென்னுக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் உயெனோ கொண்டுபோகும். பேருந்தில் டோக்கியோ நிலையத்துக்கு சுமார் 1,500 யென். பெட்டி நிறைய இருந்தால் இதுவே வசதி. டாக்ஸி பக்கம் போகவே வேண்டாம். 20,000 யென்னுக்கு மேல் கரைந்துவிடும். எந்த ரயிலானாலும் இரவு 11 மணியை ஒட்டி நகருக்குப் போகும் வண்டிகள் ஏறக்குறைய நின்றுபோகும். அதனால், இரவு தாமதமாக இறங்கும்படி டிக்கெட் எடுப்பவர்கள் அங்கேயே தங்குவதற்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்க வேண்டும். விமானங்களும் நள்ளிரவுக்குப் பிறகு இறங்குவதில்லை. சுற்றியிருக்கும் கிராமத்து மக்களின் தூக்கத்துக்காக வைத்த கட்டுப்பாடு அது.

ஏன் இவ்வளவு தூரம்?

டோக்கியோவுக்குப் பக்கத்திலேயே, கடலோரத்தில் ஹனேடா விமான நிலையம் இருக்கிறது. 1960-களில் அது நிரம்பி வழிந்தது. புதிய இடம் தேடிய அரசு, 1965-ல் சிபா மாகாணத்தின் தொமிசாட்டோவைத் தேர்ந்தெடுத்தது. ஊரே கொதித்தெழுந்தது. பக்கத்து யாச்சிமாட்டா விவசாயிகளும் சேர்ந்துகொள்ள, எதிர்ப்பு தாங்காமல் அரசு பின்வாங்கியது.

பின்வாங்கியது வெகுதூரம் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, சன்ரிசூக்கா என்ற பகுதிக்கு. அங்கே அரச குடும்பத்துக்குச் சொந்தமான பெரிய மேய்ச்சல் பண்ணை இருந்தது. அரசு நிலம் அதிகம், எடுக்க வேண்டிய தனியார் நிலம் குறைவு என்பது கணக்கு. 1966 ஜூலை 4-ம் தேதி அமைச்சரவை முடிவெடுத்தது. மொத்தம் சுமார் 1,060 ஹெக்டேர், அதாவது 2,600 ஏக்கர். அதில் பாதிக்கு மேல் விவசாயிகளின் நிலம்.

அந்த விவசாயிகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கள் நிலம் விமான நிலையமாகப்போகிறது என்பதைச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக இருந்த பழைய கிராமத்தார் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வந்து குடியேறியவர்கள். மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள், ஒகினாவாவிலிருந்து வந்தவர்கள் எல்லாம் இதில் உண்டு. மேய்ச்சல் பண்ணையின் ஒரு பகுதியையும் காட்டையும் அரசு அவர்களுக்குப் பிரித்துக்கொடுத்தது. மூங்கில் வேரையும் மரக்கட்டையையும் மண்வெட்டியால் தோண்டி எடுத்துத்தான் அந்த நிலத்தை உழவுக்குக் கொண்டுவந்தார்கள். இருபது வருஷ உழைப்பில் அது நல்ல நிலமானபோது, 'காலி செய்யுங்கள்' என்றது அதே அரசு. இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த நேரத்தில்தான் சன்ரிசூக்காவைப் பட்டு வளர்ப்புக்குப் பெயர்பெற்ற இடமாக்கும் திட்டத்தை நம்பி, பலர் மல்பெரி நட்டிருந்தார்கள். ஒரு துறை செடி நடச் சொல்ல, இன்னொரு துறை நிலத்தைக் கேட்டது.

தவறு எங்கே தொடங்கியது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னாலேயே, 'கேட்காமல் எடுத்தார்கள்' என்பதில்தான் தொடங்கியது.

மரத்தோடு கட்டிக்கொண்டவர்கள்!

1966-லேயே விவசாயிகள் எதிர்ப்புச் சங்கம் அமைத்தார்கள். தலைவர் தொமுரா இஸ்ஸாக்கு. விவசாயக் கருவி விற்பனை செய்தவர், கிறிஸ்தவர். சங்கத்தில் பெண்களுக்கு ஓர் அணி, முதியவர்களுக்கு ஓர் அணி, பள்ளிச் சிறுவர்களுக்குக்கூட ஓர் அணி இருந்தது. நில அளவை செய்ய வந்தவர்களைத் தடுத்தார்கள். மரங்களில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். நிலத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி அதற்குள் குடியிருந்தார்கள். டோக்கியோவிலிருந்து மாணவர் அமைப்புகள் வந்து கைகோத்தன.

அவர்கள் கையாண்ட ஓர் உத்தி நம் விவசாயிகளுக்குச் சுவையாக இருக்கும். ஜப்பானில் நிலத்தை 'துபோ' என்ற கணக்கில் அளப்பார்கள். ஒரு துபோ என்பது 3.3 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 36 சதுர அடி. சங்கத்தார் சில நிலங்களை எடுத்து, ஒரு துபோ வீதம் நாடு முழுக்க உள்ள ஆதரவாளர்களின் பெயரில் கூட்டுப் பத்திரம் போட்டார்கள். ஒரு துண்டு நிலத்துக்கு நூற்றுக்கணக்கான சொந்தக்காரர்கள். நிலம் எடுக்க வேண்டுமென்றால் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அத்தனை பேரையும் தேட வேண்டும்.

1971-ல் அரசு பலவந்தமாக நிலம் எடுக்க இறங்கியது. பிப்ரவரியில் ஒரு முறை, செப்டம்பரில் மறுமுறை. செப்டம்பர் 16-ம் தேதி நடந்த மோதலில் மூன்று காவலர்கள் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து, 'இன்று இடிப்பு இல்லை' என்று அறிவித்திருந்த நிலையில், தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டி நெல் அடித்துக்கொண்டிருந்தபோது காவலர்கள் வந்து அவரைத் தூக்கிச்சென்று வீட்டை இடித்தார்கள். அந்த வட்டாரத்தில் இன்றுவரை பேசப்படும் நிகழ்ச்சி அது. இரண்டு பக்கமும் ரத்தம் சிந்திய வருஷம் 1971 என்பதையும் மறைக்க முடியாது. போராட்டம் நீண்டு போகப்போக, வெளியிலிருந்து வந்த தீவிரக் குழுக்களின் கை ஓங்கியது. விவசாயிகளின் பிரச்னை அந்தக் குழுக்களின் சண்டைக்குள் சிக்கிக்கொண்டது.

ஓடுபாதையின் தெற்கு முனைக்கு அருகே விவசாயிகள் 60 மீட்டருக்கு மேல் உயரமான இரும்புக் கோபுரம் ஒன்றை எழுப்பி, விமானம் பறக்க முடியாமல் செய்தார்கள். 1977-ல்தான் அதைச் சாய்க்க முடிந்தது. 1978 மார்ச் 30-ல் திறப்பு விழா என்று நாள் குறித்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு, சாக்கடைக் குழாய் வழியாக உள்ளே புகுந்த போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஏறி, கருவிகளை அடித்து நொறுக்கினார்கள். விழா தள்ளிப்போனது. கடைசியில் மே 20-ம் தேதி, ஆயிரக்கணக்கான காவலர்கள் சுற்றி நிற்க, ஒரே ஓர் ஓடுபாதையோடு விமான நிலையம் திறக்கப்பட்டது.

இந்தக் கிராமங்களிலேயே தங்கி, ஒகாவா ஷின்சுகே என்ற இயக்குநர் 1968 முதல் வரிசையாக ஆவணப்படங்கள் எடுத்திருக்கிறார். அவற்றில் போராட்டத்துக்கு இணையாகக் கிராமத்து வாழ்க்கையும் இருக்கும்.

ரயில் பாதையில் தெரியும் தழும்பு

இப்போது மீண்டும் ரயிலுக்கு வருவோம். ஸ்கைலைனரோ நரிட்டா எக்ஸ்பிரஸோ, வண்டி கிளம்பியதும் சில கிலோமீட்டருக்கு இரண்டு நிறுவனங்களின் ரயில்களும் பக்கத்துப் பக்கத்தில், ஆளுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும். எதிரே வரும் வண்டிக்காகக் காத்திருந்து போவதும் உண்டு. இவ்வளவு பெரிய விமான நிலையத்துக்கு ஒற்றைத் தண்டவாளமா என்று ஆச்சர்யமாக இருக்கும்.

அது புல்லட் ரயிலுக்காகப் போட்ட பாதை. நரிட்டாவையும் டோக்கியோவையும் இணைக்க ஷின்கான்சென் ரயில் விடுவதாகத்தான் முதல் திட்டம். 1974-ல் வேலை தொடங்கியது. வழியில் இருந்த டோக்கியோ வட்டாரங்களிலும் எதிர்ப்பு எழ, 1983-ல் வேலையை நிறுத்தினார்கள். 1987-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். விமான முனையத்தின் அடியில் கட்டிய நிலையமும் கொஞ்ச தூரத்துப் பாலமும் மட்டும் மிச்சம். பல வருஷம் சும்மா கிடந்த அந்த இரட்டைப் பாதையை 1991-ல் இரண்டு நிறுவனங்களும் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. டோக்கியோ நிலையத்தில் கெய்யோ பாதையின் நடைமேடைக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுதான். அந்த இடமும் நரிட்டா ஷின்கான்செனுக்காக ஒதுக்கியிருந்த இடம்.

1991 வரை கெய்செய் ரயிலில் வந்தவர்கள் முனையத்துக்கு வெளியே, தள்ளியிருந்த ஒரு நிலையத்தில் இறங்கி, பேருந்து பிடித்துத்தான் போக வேண்டும். முனையத்தின் அடித்தளம் வராத புல்லட் ரயிலுக்காகக் காத்திருந்ததே காரணம். அந்தப் பழைய நிலையம் இப்போது 'ஹிகாஷி-நரிட்டா' என்ற பெயரில் ஏறக்குறைய ஆளில்லாமல் இருக்கிறது. இரண்டாம் முனையத்தின் நிலையத்திலிருந்து சுமார் 500 மீட்டர் நீளமுள்ள சுரங்க நடைபாதையில் நடந்தே போகலாம். அங்கிருந்து ஷிபாயாமா ரயில்வே என்ற குட்டிப் பாதை புறப்படுகிறது. நீளம் 2.2 கிலோமீட்டர்தான். விமான நிலையம் குறுக்கே வந்ததால் போக்குவரத்து துண்டிக்கப்பட்ட ஷிபாயாமா மக்களுக்கு ஈடாக, 2002-ல் திறந்தது.

2015 மார்ச் வரை, விமான நிலையத்துக்குள் வருகிற ஒவ்வொருவரும், வழியனுப்ப வந்தவர்கள் உட்பட, அடையாள அட்டை காட்டித்தான் நுழைய வேண்டியிருந்தது. விமான நிலையம் திறந்து 37 வருஷம் வரை அந்தப் பயம் போகவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கடலைப் போர்!

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மேட்டு நிலம் எரிமலைச் சாம்பல் படிந்து உண்டான மண். பார்க்கக் கருப்பாக இருந்தாலும் நம் கரிசல் மாதிரி களி கிடையாது. பொலபொலவென்று இருக்கும். நெல்லுக்கு ஏற்றதல்ல, மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்கு விடாத மண். ஆனால், வேரும் கிழங்கும் நன்றாக இறங்கும். கேரட், சர்க்கரைவள்ளி, சேம்பு, நிலக்கடலை எல்லாம் செழிப்பாக வரும். மேட்டு நிலங்களுக்கு நடுவே ஓடும் குறுகிய பள்ளங்களில் மட்டும் வயல். சிபாவில் ஏப்ரல், மே மாதங்களில் நடவு செய்து, ஆகஸ்ட் கடைசியிலேயே அறுவடைக்குப் போவார்கள். ஸ்கைலைனர் பாதை இன்பா ஏரியைத் தாண்டும் இடத்தில், ரயிலின் இரண்டு பக்கமும் வயல்வெளியைப் பார்க்கலாம். எடோ ஆற்றைக் கடந்தால் டோக்கியோ. அதற்குப் பிறகு வீடுகள்தான்.

மணிலா, மல்லாட்டை, கடலை என்று நாம் எந்தப் பெயரில் அழைத்தாலும், ஜப்பானில் அந்தப் பயிருக்குத் தலைநகரம் சிபா மாகாணம்தான். நாட்டின் நிலக்கடலையில் பெரும்பங்கு, ஏறக்குறைய 80 சதவிகிதம், இங்கேதான் விளைகிறது. செப்டம்பர், அக்டோபரில் செடியைப் பிடுங்கி, காய் மேலே இருக்கும்படி கவிழ்த்து ஒரு வாரம் போல வயலிலேயே காயவிடுகிறார்கள். பிறகு, காயோடு செடியை ஆளுயரத்துக்கு வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் தொப்பி போட்டு மூடிவிடுகிறார்கள். 'போச்சி' என்று பெயர். காற்றில் மெதுவாக ஒரு மாதம் போலக் காயும்போது கடலையில் இனிப்பு கூடும் என்கிறார்கள். பறித்த சூட்டில் காயை ஆய்ந்து களத்தில் கொட்டி வெயிலில் காயவைக்கும் நமக்கு, இது பொறுமையைச் சோதிக்கிற வேலையாகத் தெரியும். ஆனால், 'சிபா ஹன்டாச்சி' போன்ற பழைய ரகத்தை வறுத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்றால், அந்தப் பொறுமைக்கும் அதில் பங்கு உண்டு. பச்சைக் கடலையை அவித்துத் தின்னும் வழக்கமும் அங்கே இருக்கிறது. அதற்கென்றே 'ஓமசாரி' என்ற பெருங்காய் ரகம் வைத்திருக்கிறார்கள்.

விமான நிலையத்தை முதலில் மறுத்த தொமிசாட்டோ என்ன ஆனது? ஜப்பான் முழுக்க அது தர்பூசணிக்குப் பெயர்போன ஊர். ஜூன் மாதத்தில் அங்கே நடக்கும் ஓட்டப்பந்தயத்தில், தண்ணீருக்குப் பதில் வழியில் தர்பூசணித் துண்டு கொடுக்கிறார்கள்.

மன்னிப்பு வந்தது, நிலம் போகவில்லை

திறந்த பிறகும் இரண்டாவது ஓடுபாதைக்கு நிலம் கிடைக்கவில்லை. 1991-ல் அரசும் விவசாயிகளில் ஒரு பிரிவினரும் முதன்முறையாக எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். பொருளாதார அறிஞர்கள் சுமியா மிக்கியோ, உசாவா ஹிரோஃபுமி உள்ளிட்ட குழு நடுவிலிருந்து நடத்திய பொதுக் கூட்டங்கள் அவை. 1993-ல், இனி பலவந்தமாக நிலம் எடுக்க மாட்டோம் என்று அரசு ஏற்றுக்கொண்டது. 1995-ல் பிரதமர் முராயாமா தொமீச்சி விவசாயிகளிடம் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். தொடங்கி 29 வருஷம் கழித்து!

வருத்தம் தெரிவித்ததும் எல்லோரும் நிலத்தைக் கொடுத்துவிடவில்லை. 2002-ல் இரண்டாவது ஓடுபாதை திறந்தபோது அதன் நீளம் 2,180 மீட்டர். திட்டமிட்டது 2,500. தெற்கே நிலம் விட மறுத்த விவசாயிகள் இருந்ததால், பாதையை வடக்கே தள்ளிப் போட்டார்கள். 2009-ல் இன்னும் வடக்கே நீட்டித்துத்தான் 2,500 ஆக்கினார்கள். விமானங்கள் ஓடுபாதைக்குப் போகும் இணைப்புப் பாதை ஒன்று, ஒரு தோட்டத்தைச் சுற்றி வளைந்து போனது. தொகோ என்ற குடியிருப்பில் விமானங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே 40 மீட்டர் உயரத்தில் பறந்தன.

அந்தப் பக்கத்தில் இன்னும் சிலர் விவசாயம் செய்கிறார்கள். பூச்சிக்கொல்லி இல்லாமல் காய்கறி விளைவித்து, நகரத்துக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பெட்டியில் அனுப்புகிறார்கள். போராட்டத்தின்போது உதவிக்கு வந்த நகரத்து மக்களோடு 1970-களில் உண்டான தொடர்பு, காய்கறிச் சந்தையாகவே மாறியது. இயற்கை விவசாயத்தில் 'நுகர்வோர் நேரடி விற்பனை' என்று நாம் இப்போது பேசுவதை, சன்ரிசூக்காவில் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு குடும்பத்தின் வழக்கு, குத்தகை விவசாயிகள் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டியது. மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத நிலம். அதை நிலச் சொந்தக்காரர் தங்களுக்குச் சொல்லாமலே விமான நிலைய நிர்வாகத்துக்கு விற்றுவிட்டார் என்பது குடும்பத்தின் வாதம். பல வருஷங்களுக்குப் பிறகுதான் விஷயம் தெரியவந்தது என்கிறார்கள். வழக்கு நீதிமன்றங்களில் நீண்டு, விவசாயிக்கு எதிராக முடிந்தது. 2023 பிப்ரவரி 15-ம் தேதி இரவு, நீதிமன்ற ஊழியர்கள் காவலர்களோடு வந்து நிலத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். மீதி நிலத்தில் உழவு தொடர்ந்தது.

இப்போது மூன்றாவது ஓடுபாதைக்கு வேலை தொடங்கியிருக்கிறது. 3,500 மீட்டர் நீளத்தில் புதிய பாதை. இரண்டாவது பாதையையும் அதே நீளத்துக்கு நீட்டிக்கிறார்கள். 2029 மார்ச்சுக்குள் முடிப்பது என்று இலக்கு வைத்தார்கள். கூடுதலாக சுமார் 1,000 ஹெக்டேர் நிலம் தேவை. இந்த முறை சுற்றியுள்ள ஒன்பது உள்ளாட்சிகளையும் உட்காரவைத்துப் பேசி, 2018 மார்ச்சில் ஒப்பந்தம் போட்ட பிறகே இறங்கியிருக்கிறார்கள்.

விமானம் மாற ஆறேழு மணி நேரம் இருப்பவர்கள் டோக்கியோவுக்கு ஓட வேண்டாம். ரயிலில் பத்து நிமிடத்தில் நரிட்டா ஊர். அங்கே 940-ல் நிறுவப்பட்ட நரிட்டா-சான் பௌத்தக் கோயிலில் தினமும் தீ வளர்த்து வழிபாடு நடக்கிறது. 'கோமா' என்கிறார்கள், நம் 'ஹோமம்' என்ற சொல்தான். கோயிலுக்குப் போகும் தெருவில் வறுகடலைக் கடைகளும் உண்டு.

கதை முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் ஷிபாயாமா ஊரில் 'வானமும் நிலமும்' என்ற பொருளில் பெயர் வைத்த வரலாற்றுக் காட்சியகம் இருக்கிறது. 2011-ல் திறந்தது. விமான அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே, தரையிறங்கும் விமானங்களின் இரைச்சலுக்கு நடுவே நிற்கிறது. விவசாயிகள் போராட்டத்தில் அணிந்த தலைக்கவசங்கள், பதாகைகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் அங்கே வைத்திருக்கிறார்கள். அதை நடத்துவது விமான நிலைய நிறுவனமேதான். அனுமதி இலவசம்; திங்கட்கிழமை விடுமுறை.